முதலையின் முதுகில் நூறு பிள்ளைகள்

கம்பம் நகரத்தார் 2023ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாளை எளிதில் மறந்துவிட மாட்டார்கள். கேரளத்தின் சின்னக்கானல் பகுதியில் பிடிக்கப்பட்டு, ஏப்ரல் மாத இறுதியில் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட ‘அரிக்கொம்பன்’ என்னும் காட்டு யானை, மலையிறங்கி வந்து அன்று காலை நகரத் தெருக்களில் நடந்தது. வண்டிகள் நொறுங்கின, 144 தடை உத்தரவு பிறந்தது. யானையிடம் அகப்பட்டுக் காயமுற்ற ஒருவர் சில நாட்களுக்குள் மருத்துவமனையில் இறந்தார்.

அந்நாளில் நடந்த மற்றொரு செய்தியும் நினைவிற் கொள்ளத்தக்கது. யானை ஊரையொட்டிய புளியந்தோப்பில் ஒதுங்கி நின்ற வேளையில், அதைப் படம் பிடிக்கவென்று ட்ரோன் எனப்படும் பறக்கும் கேமராவை ஒருவர் அதன் தலைக்குமேல் ஏவினார். இரைச்சலில் மிரண்ட யானை தோப்பைவிட்டு ஓடியது. ஏவியவர்மீது வழக்குப் பதிவாயிற்று. ஜூன் 5ஆம் நாள் யானை மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டு, களக்காடு முண்டந்துறைக் காட்டின் மேல் கோதையாற்றுப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

இவையெல்லாம் அடங்கிச் சில வாரங்களுக்குப் பின், ஞாயிறு மாலையில் நம் இல்லத்திற்கு ஓர் இளைஞன் வந்தான். உடன் அவன் தாயும் வந்திருந்தாள். “சாமி, இதைப் பாருங்க” என்று கைப்பேசியை நீட்டினான். கூடலூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவனே எடுத்த படம். அரிக்கொம்பன் அன்று, வேறு யானை. காதுகளை அகல விரித்து, துதிக்கையை உள்ளே சுருட்டி, நேராக அவனை நோக்கித் திரும்பி நின்றது.

உண்மையை மறைப்பானேன்? “அடேயப்பா, எவ்வளவு பெரிய யானை!” என்பதே நம் வாயிலிருந்து முதலில் வந்த சொல். இருமுறை பார்த்து வியந்தோம். மூன்றாம் முறை பார்க்கும்போதுதான், “எவ்வளவு தூரத்தில் நின்றாய், தம்பி?” என்று கேட்கத் தோன்றிற்று.

“இருபது அடி இருக்கும், சாமி. அது வர்றதுக்குள்ள ஓடி வந்துட்டேன்” என்று சிரித்தான். வாசற்படியில் நின்ற தாய் சிரிக்கவில்லை. கணவனை இழந்த அவளுக்கு அவன் ஒரே மகன்.

கடிந்துகொள்ள வாயெடுத்தோம். ஆனால், வியந்து பார்த்த அதே வாயால் எப்படிக் கடிவது? அன்றியும், கடிந்துகொண்டதனால் இளைஞர் திருந்தியதை நம் அனுபவத்தில் நாம் அதிகம் கண்டதில்லை. ஆகவே அவனுக்கு வேறொரு படத்தைக் காட்டினோம். அப்படத்தின் வரலாற்றையே இங்கு வாசகர்களுக்கும் சொல்ல விழைகின்றோம்.

சம்பல் ஆற்றில் ஒரு தந்தை

கலங்கிய பசுமை படர்ந்த நீர்ப்பரப்பு. அதில் பாதி அமிழ்ந்தபடி ஒரு பெரிய முதலை. அதன் முதுகு முழுவதும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அடைந்திருக்கும் குஞ்சுகள். எண்ணத் தொடங்கினால் நூறைத் தாண்டும். முதலை அசையாது மிதக்கிறது. முதற்பார்வையில் மிதக்கும் மரக்கட்டையில் பல்லிகள் அப்பியிருப்பதுபோல் தோன்றும். பிறகுதான் அந்தக் கட்டைக்குக் கண் இருப்பது தெரியும்.

இப்படத்தை எடுத்தவர் மேற்கு வங்கத்தைச் சேர்ந்த திருதிமான் முகர்ஜி என்னும் வனவிலங்கு ஒளிப்படக் கலைஞர். எடுத்த இடம், தேசிய சம்பல் சரணாலயத்தின் உத்தரப்பிரதேசப் பகுதி. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆண்டுதோறும் நடத்தும் உலகளாவிய வனவிலங்கு ஒளிப்படப் போட்டியில் 2020ஆம் ஆண்டு இது சிறப்புப் பாராட்டைப் பெற்றது.

சம்பல் என்றவுடன் வயதானவர்களுக்கு நினைவுக்கு வருவது கொள்ளையர் கூட்டம். மத்தியப்பிரதேசத்து விந்திய மலையில் தோன்றி, இராஜஸ்தான் வழியாகச் சென்று, உத்தரப்பிரதேசத்தில் யமுனையோடு கலக்கும் ஆறு அது. மழை அறுத்த மண் பள்ளங்கள் இருகரையிலும் காதக்கணக்கில் கிடக்கும். அப்பள்ளங்களில் கொள்ளையர் பதுங்கியிருந்த காலத்தில் ஆலைகளும் குடியிருப்புகளும் கரையை நெருங்க அஞ்சின. மனிதர் அஞ்சி விலகியதால் ஆறு தூய்மையாக நின்றது. கொள்ளையரால் விளைந்த நன்மை என்று ஒன்று உண்டென்றால் அது இதுவாகத்தான் இருக்கும்!

பானை தாங்கிய மூக்கு

படத்திலுள்ளது நம் நாட்டு மூவகை முதலைகளுள் ஒன்றான சொம்புமூக்கு முதலை. கழிமுகங்களில் வாழும் உவர்நீர் முதலை இரண்டாவது. நன்னீரில் வாழும் சதுப்புநில முதலை மூன்றாவது; பழனி மலைக்கு அப்பால் அமராவதி அணையில் நாம் காண்பது இதுவே. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வாழும் ‘அலிகேட்டர்’ இம்மூன்றிலும் சேராத வேறு இனம். அதன் மூக்கு அகன்று வட்டமாயிருக்கும். வாயை மூடினால் கீழ்த்தாடையின் நான்காம் பல் வெளியே தெரியாது. மற்ற முதலைகளுக்கோ அந்தப் பல் வாய் மூடிய பின்னும் வெளியே துருத்தி நிற்கும்.

சொம்புமூக்கு முதலைக்கு மூக்கு நீண்டு, குறுகி, குறடுபோல் இருக்கும். அதில் நூற்றுக்கு மேற்பட்ட கூரிய பற்கள். மீன் பிடிப்பதற்கென்றே அமைந்த வாய் அது. மாட்டையோ மனிதனையோ பற்றி இழுக்கத்தக்க வலிமை அதற்கில்லை. வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் மட்டும் கவிழ்த்த பானைபோல் ஒரு புடைப்பு உண்டு. வடநாட்டில் பானைக்கு வழங்கும் சொல்லிலிருந்தே ‘கரியால்’ என்ற பெயரும் வந்தது. அப்புடைப்பின் வழியே மூச்சை விட்டு அது எழுப்பும் ஒலி ஆற்றில் நெடுந்தூரம் கேட்கும்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெண் முதலைகள் மணல்மேட்டில் குழி பறித்து, ஒவ்வொன்றும் நாற்பது முட்டைகள் அளவில் இடும். மண்ணுக்குள்ளிருந்து குஞ்சுகள் கத்தும் குரல் கேட்டதும் தாய் வந்து மணலைத் தோண்டி அவற்றை வெளிப்படுத்தும். மற்ற முதலைகளும் அலிகேட்டரும் குஞ்சுகளை வாயில் மெல்ல ஏந்தி நீருக்குக் கொண்டுசெல்வது வழக்கம். சொம்புமூக்கு முதலைக்கு அது இயலாது. குறடுபோன்ற அவ்வாயில் ஊசிப்பற்கள் நெருங்கிக் கிடக்கையில் குஞ்சுக்கு இடமேது? ஆதலால் குஞ்சுகள் நீந்திச் சேர்ந்து, பெரியவற்றின் தலையிலும் முதுகிலும் ஏறிக்கொள்கின்றன. பல தாய்களின் குஞ்சுகள் ஒரே கூட்டமாகச் சேரும். அக்கூட்டத்தை அருகிருந்து காப்பது பெரும்பாலும் ஓர் ஆண் முதலை. நம் படத்திலுள்ள ஆண், ஏழெட்டுப் பெண்களோடு கூடியது என்று படமெடுத்தவர் கூறுகிறார். அத்தனை வீட்டுப் பிள்ளைகளும் ஒரே முதுகில் ஏறியிருக்கின்றன.

இவ்வளவு காவலிருந்தும் பருவமழை வந்து ஆறு பெருகும்போது குஞ்சுகளில் பெரும்பாலானவை அடித்துச் செல்லப்படும். நூற்றில் ஒன்றிரண்டே வளர்ந்து பெரிதாகும் என்பர். அப்படத்தைப் பார்க்கும்போது இதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அந்த முதுகிலிருந்த நூறில் இன்று எத்தனை உயிரோடிருக்குமோ!

நெருங்கினால் பாயும்

இனி, படமெடுத்தவரின் கதைக்கு வருவோம். முகர்ஜி புதியவரல்லர். மெக்சிகோ நாட்டுக் கடலில் நீருக்குள் மூழ்கி, அமெரிக்க முதலையை முகத்துக்கு முகம் நோக்கிப் படமெடுத்தவர். அஞ்சி ஒதுங்குபவரென்று எவரும் அவரைக் கூற முடியாது.

சொம்புமூக்கு முதலையோ, மற்ற இரு முதலைகளையும் நோக்கக் கூச்சமுள்ளது. மனிதவாடை பட்டாலே நீருக்குள் நழுவிவிடும். ஆனால் குஞ்சுகளைக் காக்கும் காலத்தில் அதன் இயல்பு மாறிவிடுகிறது. அளவுக்குமேல் நெருங்கினால் அந்த முதலை தம்மை நோக்கிப் பாயும் என்பதை முகர்ஜி அறிந்துகொண்டார். கொல்லும் வாய் அன்று எனினும், நான்கு மீட்டருக்கு மேற்பட்ட உடலும் ஊசிப்பற்களும் சினந்து வந்தால் விளைவு எளிதாயிராது.

இங்குதான் அவர் செய்ததை நாம் கவனிக்க வேண்டும். பாயுமட்டும் நெருங்கி, பாயும் தருணத்தைப் படமெடுத்து, ஓடித் தப்பியிருக்கலாம். அப்படிப்பட்ட படத்துக்கு உலகில் மதிப்பு உண்டு. கை தட்டுவோரும் உண்டு. அவரோ பல வாரங்கள் ஆற்றங்கரையில் காத்திருந்தார். எந்த எல்லையைக் கடந்தால் தந்தை முதலை அமைதி இழக்கிறதோ, அந்த எல்லைக்கு இப்பாலேயே இருந்துகொண்டார். அதனால் உலகுக்குக் கிடைத்தது, சினந்த முதலையின் படம் அன்று. கவலையற்றுப் பிள்ளை சுமக்கும் முதலையின் படம்.

எண்ணிப் பாருங்கள். அந்த முதலை அவரை நோக்கிப் பாய்ந்திருந்தால், முதுகிலிருந்த குஞ்சுகள் நீரில் சிதறியிருக்கும். சிதறிய குஞ்சுக்காகப் பருந்தும் நாரையும் பெருமீனும் காத்திருக்கின்றன. ஒரு படத்துக்காகச் சில குஞ்சுகள் மடிந்திருக்கும். அது படத்தில் தெரியவும் செய்யாது. நம் ஊர் யானைக்கும் இதுவே பொருந்தும். காது விரித்து நிற்கும் யானை, ‘போதும், இனி வராதே’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தத் தம்பியின் படத்தில் இருந்தது யானையின் அழகன்று, அதன் அச்சம். மிரண்டு ஓடும் யானையின் காலடியில் அடுத்து அகப்படுபவர், படமெடுத்தவராக இருக்க வேண்டியதில்லை. அதிகாலையில் திராட்சைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும் ஓர் ஏழையாகவும் இருக்கலாம்.

சில நூறே எஞ்சியவை

படம் இத்துணைப் போற்றப்பட்டதற்கு அழகு மட்டும் காரணமன்று. ஒரு காலத்தில் சிந்து ஆறு தொடங்கி பர்மாவின் ஐராவதி வரை வாழ்ந்த இனம் இது. தோலுக்காக வேட்டையாடப்பட்டும், முட்டைகள் சூறையாடப்பட்டும், மீன்வலைகளில் சிக்கி மூச்சடைத்தும், அணைகளால் ஆறுகள் துண்டுபட்டும், 1970களின் நடுவில் இருநூறுக்கும் குறைவாகச் சுருங்கிற்று என்று மதிப்பிடப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. 1975இல் நடுவண் அரசு, ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் துணையோடு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. முட்டைகளைச் சேகரித்து, பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விட்டார்கள். சம்பல் ஆறு சரணாலயமானது அதன்பின்னரே. சென்னைக்கு அருகில் வடநெம்மேலியில் உரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணையும் இப்பணியில் பங்கேற்றது. மாமல்லபுரம் செல்வோர் இன்றும் சொம்புமூக்கு முதலைகளை அங்கு நேரில் காணலாம்.

ஆயினும் 2007 டிசம்பர் முதல் சில மாதங்களுக்குள் சம்பலில் நூற்றுக்கு மேற்பட்ட முதலைகள் மாண்டு கரையொதுங்கின. சிறுநீரகம் கெட்டிருந்தது கண்டறியப்பட்டது. ஆற்று நீர் வழியாக மீனில் ஏறிய நஞ்சே காரணமாயிருக்கலாம் என்று ஆய்வாளர் ஐயுற்றனர். இன்றும் வளர்ந்த முதலைகள் உலகில் சில நூறே. அவற்றுள் பெரும்பகுதி அந்த ஒரே ஆற்றில்தான் இருக்கிறது. அங்கும் ஆற்றுமணல் அள்ளப்படுகிறது. முட்டையிட மணல்மேடு இல்லையேல் முதலையும் இல்லை. வைகைக் கரையில் பிறந்தவர்களுக்கு மணல் போன ஆறு எப்படியிருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

அலிகேட்டரின் கதையில் ஒரு நம்பிக்கையும் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அமெரிக்கா அதை 1967இல் அழியும் இனமாக அறிவித்துக் காத்தது. இருபது ஆண்டுகளில், அதாவது 1987இல், அது மீண்டுவிட்டதென்று அறிவிக்க முடிந்தது. இது நம்பிக்கை. எச்சரிக்கையாவது: ஃப்ளோரிடா மாநிலத்தில் அலிகேட்டருக்கு உணவு போடுவது குற்றம். உணவுக்குப் பழகிய விலங்கு மனிதனைக் கண்டு அஞ்சுவதில்லை. அஞ்சாமல் ஊருக்குள் வரும் அலிகேட்டரைக் கடைசியில் கொன்றுதான் தீர்க்கிறார்கள். குமுளி மலைப்பாதையில் வண்டியை நிறுத்திக் குரங்குகளுக்கு வாழைப்பழம் வீசுகிறவர்கள் இதைச் சற்றே சிந்திக்கட்டும். அன்பென்று எண்ணித்தான் வீசுகிறோம். அடுத்த வளைவில் அந்தக் குரங்கு லாரிச் சக்கரத்தில் அரைபடுகிறது.

நம் மண்ணிலும் முன்மாதிரி உண்டு

பொறுமையெல்லாம் வடநாட்டாருக்கே உரியது என்று எவரும் எண்ண வேண்டாம். இந்தியப் பெண்களுள் வனவிலங்கு ஒளிப்படக் கலையில் முன்னோடியாகப் போற்றப்படும் இராதிகா இராமசாமி, தேனிக்கு அருகிலுள்ள வெங்கடாசலபுரத்தில் பிறந்தவர். பள்ளி நாட்களிலேயே கேமரா பிடித்தவர். பின்னாளில் டெல்லியில் வாழ்ந்தபோது இராஜஸ்தானத்துப் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் பறவைகளைப் படமெடுக்கத் தொடங்கி உலகப் புகழ் எய்தினார். பறவை மிரண்டால் பறந்துவிடும்; கூடு குலைந்தால் குஞ்சு பசியால் சாகும். அக்கலையில் பொறுமையற்றவர் ஒருநாளும் தேற முடியாது.

நம்மைச் சுற்றியுள்ள மலைகளோ 2021 முதல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம். மறுபுறம் பெரியாறு. யானையும் காட்டெருமையும் நம் அண்டை வீட்டார். அண்டை வீட்டாரிடம் நாம் எப்படி நடந்துகொள்வோம்? அழைக்காமல் அடுக்களைக்குள் நுழைவதில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் உரக்கப் பேசுவதில்லை. காட்டோரம் வாழும் நம் முன்னோர்க்கு இது சொல்லித் தெரிய வேண்டியதாயிருக்கவில்லை. கையில் கேமரா வந்தபின் நமக்குத்தான் மறந்துபோயிற்று.

ஆகவே பெற்றோர் தம் பிள்ளைகளுக்குச் சில சொல்லிவைத்தல் நலம். விலங்கு தன் வேலையை நிறுத்தி உன்னைப் பார்க்கத் தொடங்கினால், நீ ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டாய், ஓசையின்றிப் பின்வாங்கு. குட்டியோடு இருக்கும் விலங்கின் பக்கம் போகாதே. யானை ஊருக்குள் வந்தால் கூட்டம் கூடாதே. வனத்துறையினருக்கு வழி விடு. படம் வேண்டுமானால் காத்திரு. பெரியவர்களுக்கும் ஒன்று உண்டு: பிள்ளை கொண்டுவரும் படத்தைப் பார்த்து வியக்கும் முன், எங்கே நின்று எடுத்தாய் என்று கேட்போமாக. நாம் வியப்பதால்தான் அவன் இன்னும் ஓரடி முன்னே போகிறான். இதை நமக்கும் சேர்த்தே எழுதுகின்றோம்.

அன்று மாலை அந்தத் தம்பி முதலைப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். குஞ்சுகளை விரலால் தொட்டு எண்ணிக்கொண்டே போய், அறுபதுக்கு மேல் கணக்குத் தவறி, மறுபடி தொடங்கினான். பிறகு, “இதை எடுக்க அவருக்கு எத்தனை நாள் ஆச்சு, சாமி?” என்று கேட்டான். பல வாரங்கள் என்றோம். ஒன்றும் பேசாமல் எழுந்து போனான்.

ஐப்பசி மழைக்குப்பின் மீண்டும் வந்தான். வாய்க்கால் கரையில் மூன்று நாள் உட்கார்ந்து எடுத்த மீன்கொத்தியின் படம் கைப்பேசியில் இருந்தது. தொலைவிலிருந்து எடுத்ததால் பறவை சிறிதாகத்தான் தெரிந்தது. வாயில் மீன் இருந்ததா என்று நம் கண்ணுக்குச் சரியாகப் புலப்படவில்லை. இருந்தது என்று அவன் சாதித்தான். இம்முறை அவன் தாயும் வாசற்படியைக் கடந்து உள்ளே வந்து, அவன் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.